பழவேற்காடு–சென்னைக் கரையில் ஆதரவற்ற சிறுவர்களும் காப்பகங்களும்

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், சென்னைக்கு வடக்கே வங்கக் கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடையில் அமைந்த மீனவர் ஊர்களின் தொகுதி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இங்குள்ளது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தென்முனையில் முகத்துவாரத்தை ஒட்டித் தமிழ்நாட்டுக் குப்பங்கள் உள்ளன. டச்சுக் கோட்டை, டச்சுக் கல்லறைத் தோட்டம், பறவைகள் ஆகியவற்றுக்காகவே இவ்வூர் பெரும்பாலும் எழுதப்படுகிறது. இந்தக் கரையில் வீடிழந்த சிறுவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது 400 ஆண்டு நீளமுள்ள மற்றொரு வரலாறு. அது அடிமைக் கப்பலில் தொடங்கி, கஞ்சித்தொட்டி, அநாதைப் பள்ளி, சிறார் சட்டம், அரசு இல்லம் என்று மாறி வந்தது.

பஞ்சமும் கப்பலும்

டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1610ஆம் ஆண்டளவில் பழவேற்காட்டில் பண்டகசாலை அமைத்தது. அப்போது இப்பகுதி விஜயநகர மன்னர் இரண்டாம் வேங்கடரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1612இல் சாந்தோமில் இருந்து வந்த போர்ச்சுகீசியர் பண்டகசாலையைத் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டு ஜெல்டிரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாற்றப்படும் வரை சோழமண்டலக் கரையின் டச்சு வணிகம் முழுவதும் இங்கிருந்தே நடத்தப்பட்டது. துணியும் வெடிமருந்தும் ஏற்றுமதியான இதே துறையில் மனிதர்களும் ஏற்றுமதியாயினர்.

அதற்கான தேவை தொலைவில் இருந்து வந்தது. 1621இல் டச்சுத் தலைமை ஆளுநர் யான் பீட்டர்சோன் கூன், சாதிக்காய் விளையும் பாண்டா தீவுகளைக் கைப்பற்றினார். சுமார் 15,000 பேர் என மதிப்பிடப்படும் தீவு மக்களில் மிகச் சிலரே எஞ்சினர். தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. படேவியா நகரின் கட்டுமானத்துக்கும் வீட்டு வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது. அடுத்த ஆண்டே சோழமண்டலத்தில் பஞ்சம் வந்தது. 1622–23இல் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளில் இருந்து சுமார் 1,900 பேர் ஏற்றப்பட்டனர். கையில் பணம் இருந்திருந்தால் மேலும் 2,000 பேரை வாங்கியிருக்கலாம் என்று கம்பெனி அதிகாரிகள் எழுதினர். பஞ்சத்தைக் கொள்முதல் காலமாகக் கண்ட வணிகரின் மனநிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இந்த வணிகத்துக்கு ஒரு தாளம் இருந்தது. விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டுகளில் அடிமைகள் கிடைக்கவில்லை. மழை பொய்த்தாலோ படை கடந்து சென்றாலோ ஆயிரக்கணக்கில் கிடைத்தனர். பிஜப்பூர்ப் படைகள் தஞ்சை நாட்டைச் சூறையாடியதைத் தொடர்ந்து 1646இல் 2,118 பேர் படேவியாவுக்கு அனுப்பப்பட்டனர். 1659–61இல் நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் கம்பெனி 8,000 முதல் 10,000 பேர் வரை வாங்கியது. அவர்களில் பெரும்பாலோர் இலங்கைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1621க்கும் 1665க்கும் இடையில் அராகன் முதல் சோழமண்டலம் வரையிலான வங்காள விரிகுடாக் கரைகளில் இருந்து டச்சுக் கப்பல்களில் சென்ற அடிமைகள் 38,000க்கு மேற்பட்டோர் என்று கப்பல் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கணக்கிட்டுள்ளனர்.

விற்கப்பட்டவர்களில் சிறுவர் மிகுதி. பஞ்சத்தில் பெற்றோர் முதலில் இறந்தனர், அல்லது பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று ஒரு படி அரிசிக்கு ஈடான விலைக்குக் கொடுத்தனர். 1688இல் தஞ்சைப் பகுதியில் இருந்து ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் சிறுமியரும் சிறு பையன்களும், நாகப்பட்டினம் வழியாக ஆச்சே, ஜோகூர் சந்தைகளுக்குச் சென்றனர். அவர்களைக் கொண்டுசென்றவர்கள் ஐரோப்பியர் அல்லர், ஆசிய வணிகர்கள். பழி முழுவதையும் ஒரு கம்பெனியின் தலையில் இறக்கிவைப்பது எளிது. உள்ளூர்த் தரகர் இல்லாமல் எந்தக் கோட்டையும் உள்நாட்டில் இருந்து ஒரு பிள்ளையைக்கூடப் பெற்றிருக்க முடியாது.

ஆங்கிலேயரும் விலகி நிற்கவில்லை. 1687 செப்டம்பரில் மட்டும் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்து 665 அடிமைகள் ஏற்றுமதியாயினர். மறு ஆண்டு கோட்டை மன்றம் அடிமை ஏற்றுமதியைத் தடை செய்தது. கோல்கொண்டாவை வென்று இப்பகுதியின் புதிய ஆட்சியாளராகியிருந்த முகலாயர் இவ்வணிகத்தை விரும்பாதது அதற்கு முதன்மைக் காரணம். தடை வந்த பின்னும் வணிகம் முற்றாக நிற்கவில்லை. இந்தியாவில் அடிமை முறையின் சட்ட ஏற்பு 1843இல்தான் நீங்கியது.

பழவேற்காட்டுக் கத்தரீனா

டச்சு ஆவணங்களில் அடிமைகளுக்குச் சொந்தப் பெயர் இருப்பதில்லை. ஒரு கிறித்தவப் பெயரும் அதன்பின் புறப்பட்ட துறையின் பெயரும் ஒட்டப்பட்டிருக்கும். அத்தகைய பெயர்களில் ஒன்று ‘கத்தரீனா ஃபான் பாலியகட்டா’, அதாவது பழவேற்காட்டுக் கத்தரீனா. 1631ஆம் ஆண்டளவில் பிறந்த இப்பெண் படேவியாவில் அடிமையாக இருந்தார். 1656இல் தன் காதலனாகிய மற்றோர் அடிமையைக் கொன்ற வழக்கில் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது ஆயுட்கால நாடு கடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657இல் அவர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் இறக்கப்பட்டார். அங்கே டச்சுக் குடியிருப்பு தொடங்கி அப்போது 5 ஆண்டுகளே ஆகியிருந்தன.

அங்கே ஒரு படைவீரருக்கும் அவருக்கும் பிறந்த மகன் கிறிஸ்டோஃபெல் சினைமன். கத்தரீனா பின்னர் வங்காளத்தைச் சேர்ந்த, விடுதலை பெற்ற அடிமை ஒருவரை மணந்தார். மகன் பிரெஞ்சு ஹியூகனாட் அகதிக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்தார். தென்னாப்பிரிக்காவில் இன்று சினைமன் என்ற குடும்பப் பெயருடன் வாழ்வோர் இவரைத் தம் முன்னோராகக் கொள்கின்றனர்.

பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் வணிகர்கள், ஆளுநர்கள், அவர்களின் மனைவியர், குழந்தைகள் ஆகியோரின் பெயர்களும் தேதிகளும் கல்லில் அழகாகச் செதுக்கப்பட்டுள்ளன. நுழைவாயிலில் இரு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கின்றன. இந்தியத் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. அதே ஊரில் இருந்து கப்பலேறியவர்களைப் பற்றி ஊரில் எந்தக் கல்லும் இல்லை. கத்தரீனாவைக் குறித்த செய்திகள் ஒரு குற்ற வழக்கு நடந்ததால் மட்டுமே எஞ்சின.

கஞ்சித்தொட்டி

1780இல் ஐதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தது. வயல்கள் எரிந்தன. ஊர்கள் காலியாயின. மக்கள் சென்னைக் கோட்டையை நோக்கி ஓடிவந்தனர். அதைத் தொடர்ந்த பஞ்சத்தில், 1782இல், ஊர் மணியக்காரர் ஒருவர் கறுப்பர் நகரத்துக்கு வடக்கே கஞ்சி ஊற்றத் தொடங்கினார். அதுவே மணியக்காரர் சத்திரம். ஆங்கிலேயர் வாயில் அது ‘மோனிகர் சவுல்ட்ரி’ ஆயிற்று. 1799இல் அதை ஒட்டி மருத்துவமனை ஏற்பட்டது. அதன் வழிவந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னை மூத்தோர் இன்றும் அதைக் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்பர். பழவேற்காட்டு, எண்ணூர்க் குப்பங்களில் இருந்து பெரிய சிகிச்சைக்கு வருவோர் இறங்கும் இடமும் பெரும்பாலும் அதுதான்.

முந்தைய நூற்றாண்டோடு ஒப்பிட்டால் இதில் உள்ள மாற்றம் பெரியது. பஞ்சத்தில் கரைக்கு வந்த பிள்ளைக்கு 1622இல் காத்திருந்தது கப்பல், 1782இல் காத்திருந்தது கஞ்சி. ஆனால் சத்திரம் பசியைத்தான் கவனித்தது. பஞ்சம் தீர்ந்தபின் பெற்றோர் இல்லாத பிள்ளை எங்கே போவது என்ற கேள்வி அதன் பொறுப்பில் இல்லை.

எழும்பூர் ஆண் அநாதைப் பள்ளி

அக்கேள்வியை ஆங்கில அரசு முதலில் தன் படைவீரர்களின் பிள்ளைகளைப் பற்றி மட்டுமே கேட்டுக்கொண்டது. ஐரோப்பியப் படைவீரர்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்து, தந்தை இறந்தோ கைவிட்டோ தெருவில் நின்ற பிள்ளைகள் சென்னையில் பெருகியிருந்தனர். ஆளுநர் ஆர்ச்சிபால்ட் கேம்பலின் மனைவியின் முயற்சியால் 1787இல் பெண் அநாதை இல்லமும், 1789இல் எழும்பூர்ச் சிறுகோட்டையில் ஆண் அநாதை இல்லமும் தொடங்கப்பட்டன. ஆண்கள் இல்லத்தின் கண்காணிப்பாளரானவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல்.

பெல்லின் ஆசிரியர்கள் புதுமைக்கு இணங்கவில்லை. ஒருநாள் அவர் உள்ளூர்த் திண்ணைப்பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். ஆசிரியர்கள் அதைச் செய்ய மறுத்ததால், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் 8 வயதுச் சிறுவனைக் கொண்டு கீழ்வகுப்புக்கு எழுத்துக் கற்பிக்கவைத்தார். சிறுவன் ஆசிரியர்களைவிட நன்றாகக் கற்பித்தான். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. திண்ணைப்பள்ளியில் அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். ஆனால் பெல் 1796இல் நாடு திரும்பி மறு ஆண்டு லண்டனில் வெளியிட்ட நூலுக்குப் பிறகு அது ‘சென்னை முறை’ என்று உலகெங்கும் அறியப்பட்டது. 1832இல் பெல் இறந்தபோது ஆயிரக்கணக்கான பள்ளிகள் இம்முறையைப் பின்பற்றின. அவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஃபிரிஸ்கனின் பெயர் கல்வி வரலாற்று நூல்களில் ஓர் அடிக்குறிப்பாக நிற்கிறது.

இல்லத்துச் சிறுவர்களின் எதிர்காலம் குறுகியது. 1790களில் கம்பெனி பிறப்பித்த ஆணைகள் கலப்பினத்தவருக்கு உயர் பணிகளை மறுத்தன. படையில் அவர்கள் மேளம் அடிக்கலாம், குழல் ஊதலாம், குதிரைக்கு லாடம் கட்டலாம். எஞ்சிய வழி கைத்தொழில். இல்லத்தின் அச்சகம் அதனால் புகழ்பெற்றது. அங்கு அச்சான ஆண்டுக் கையேடு சென்னையின் முகவரி நூலாகவே நெடுங்காலம் விளங்கியது. அதைவிட முக்கியமான வழி 1794இல் திறந்தது. வானியலாளர் மைக்கேல் டாப்பிங்கின் திட்டப்படி சென்னையில் நிலஅளவைப் பள்ளி ஒன்று 8 மாணவர்களுடன் தொடங்கப்பட்டது. அந்த மாணவர்கள் இந்த அநாதை இல்லத்தில் இருந்து எடுக்கப்பட்டவர்கள். அப்பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகில் தொடங்கிய பெரும் முக்கோண அளவைப் பணியில் அவருடன் நெடுங்காலம் உழைத்த ஜோசுவா டி பென்னிங் இந்த இல்லத்தின் பிள்ளை. இந்திய வரைபடத்தின் முதல் கோடுகளை இழுத்த கைகளில் சில, முகவரி இல்லாத சிறுவர்களின் கைகள்.

1870களின் தொடக்கத்தில் ஆண் அநாதை இல்லம் உதகமண்டலத்தின் லாரன்ஸ் அசைலத்துடன் இணைந்தது. அதுவே இன்று லவ்டேல் லாரன்ஸ் பள்ளி. எழும்பூரில் இல்லம் இருந்த பகுதி ரயில் நிலையமாகிவிட்டது.

குப்பங்களின் பிள்ளைகளுக்கு இக்கதவுகள் திறக்கவில்லை. மதச் சங்கங்களே அவர்களுக்கு இருந்த வழி. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1707 முதல் பள்ளிகளை நடத்தினார். ஜெர்மனியின் ஹாலே நகரில் ஃபிராங்கே நிறுவிய அநாதை இல்லமே அவருக்கு முன்மாதிரி. உணவு, உடை, எழுத்து மூன்றும் கிடைத்தன. கூடவே மதமும் வந்தது.

மீனவர் ஊரின் சொந்த ஏற்பாடு

அரசும் சபையும் வராத காலத்திலும் குப்பங்களில் ஓர் ஏற்பாடு இருந்தது. பழவேற்காடு ஏரியில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் ‘பாடு’ முறையில் மீன்பிடி இடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. இறால் வளமுள்ள இடங்கள் யாருக்கும் நிரந்தரச் சொத்து அல்ல. எந்த நாளில் எந்தப் பாட்டில் யார் வலை கட்டுவது என்பது முறைவைத்து மாறும். உரிமை தலைக்கட்டுக் கணக்கில் வருகிறது. வலிமையுள்ளவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொள்வதை இது தடுத்தது. தந்தையைக் கடலில் இழந்த பையன் வளர்ந்ததும் ஊரின் தலைக்கட்டில் சேர்ந்து ஏரியில் தன் முறையைப் பெற முடிந்தது.

ஆனால் இந்த ஏற்பாட்டைப் போற்றுவோர் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். உரிமை ஆணுக்கு உரியது, குறிப்பிட்ட சாதிக்கு உரியது. தந்தையை இழந்த பெண்பிள்ளைக்குப் பாடு இல்லை. ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும் இல்லை. முன்பணம் வாங்கி அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தவர்களில் இருளர் பலர். 1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த பின்னும் திருவள்ளூர் மாவட்டத்தில் இத்தகைய குடும்பங்கள் மீட்கப்பட்டு வருகின்றன. அங்கே பிள்ளைக்கு வீடு என்பது சூளை முதலாளி தரும் குடிசை.

தாது வருடப் பஞ்சம்

1876–78இன் தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தில் பல லட்சம் பேரைக் கொன்றது. எண்ணூரில் இருந்து சென்னைக்கு 1806இல் வெட்டப்பட்டுப் பின்னர் பழவேற்காடு ஏரி வரை நீட்டப்பட்ட காக்ரேன் கால்வாய், பஞ்ச நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து விரிவாக்கப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. பின்னாளில் பழவேற்காட்டு மீனும் சுண்ணாம்புக் கிளிஞ்சலும் படகில் சென்னை வந்த அந்த வழி, பசித்தவர்கள் கூலிக்கு வெட்டியது.

இப்பஞ்சத்தின் அநாதைகளை ஏராளமாக ஏற்றவை கிறித்தவ இல்லங்களே. மதமாற்றம் குறித்த கசப்பும் அதனால் எழுந்தது. 1880இன் பஞ்ச விசாரணைக் குழுவைத் தொடர்ந்து உருவான பஞ்ச விதிகள், அநாதைப் பிள்ளைகளை இயன்றவரை அவர்களின் சொந்த மதத்தாரிடமே ஒப்படைக்க வேண்டும் என்றன. பிள்ளையின் பிறப்பு அடையாளத்தை அரசு மதிக்க வேண்டும் என்னும் எண்ணம் விதியாக எழுதப்பட்ட தொடக்கங்களில் இது ஒன்று. அவ்விதி யாருடைய கோபத்தைத் தணிக்க எழுதப்பட்டதோ, பயன் பிள்ளைக்கும் சேர்ந்தது.

சிறார் சட்டம்

1920ஆம் ஆண்டுச் சென்னைச் சிறார் சட்டம் இந்திய மாகாணங்களில் இவ்வகையில் முதலாவது. வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் பின்தொடர்ந்தன. வீடோ நிலையான இருப்பிடமோ இன்றித் திரியும் பிள்ளையையும் பிச்சையெடுக்கும் பிள்ளையையும் நீதிமன்றத்தில் நிறுத்தி, அங்கீகரிக்கப்பட்ட பள்ளிக்கு அனுப்ப இச்சட்டம் வழிசெய்தது. சிறைக்குப் பதில் பள்ளி என்பது முன்னேற்றமே. ஆனால் குற்றம் செய்த சிறுவனும் வீடில்லாத சிறுவனும் ஒரே வாசல் வழியாக நுழைந்தனர். இருவரையும் தெளிவாகப் பிரிக்க 2000ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று நடப்பில் இருப்பது 2015ஆம் ஆண்டுச் சட்டம்.

விடுதலைக்குப் பின் சென்னைத் தெருக்களில் வாழ்ந்த சிறுவர்களுக்காகத் தனியார் அமைப்புகள் தோன்றின. 1985இல் டான் பாஸ்கோ அன்பு இல்லமும், 1995இல் வடசென்னையில் கருணாலயாவும் தொடங்கப்பட்டன. இவை சந்தித்த முதல் சிக்கல் உணவு அன்று, தாள். பிறப்புச் சான்றோ முகவரியோ இல்லாத பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதே போராட்டம். 2019இல் லண்டனில் நடந்த தெருவோரச் சிறுவர் கிரிக்கெட் உலகக் கோப்பையில், லார்ட்ஸ் மைதானத்து இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை வென்ற தென்னிந்திய அணியில் கருணாலயாவின் பிள்ளைகள் ஆடினர். அவர்களுக்குக் கடவுச்சீட்டு வாங்கியது ஆட்டத்தைவிடக் குறைந்த வேலையாக இருந்திருக்காது.

ஆழிப்பேரலை

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை பழவேற்காட்டுக் குப்பங்களையும் தாக்கியது. படகும் வலையும் வீடும் போயின. நாகப்பட்டினத்தை ஒப்பிட உயிரிழப்பு மிகக் குறைவு. அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பிள்ளைகளைத் தத்துக் கேட்டு நாடெங்கும் இருந்து ஆட்கள் வந்தனர். அவர்களில் நல்லெண்ணம் உள்ளவரையும் தரகரையும் பிரித்தறிய அப்போது வழியில்லை. அரசு தத்தெடுப்பை நிறுத்திவைத்தது. அநாதையான ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் 5 லட்சம் ரூபாய் வைப்புநிதி போட்டது. நாகப்பட்டினத்தில் அன்னை சத்யா அரசு இல்லம் 99 பிள்ளைகளுடன் இயங்கத் தொடங்கியது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஜெ. இராதாகிருஷ்ணனும் அவர் மனைவியும் பிற்காலத்தில் அப்பிள்ளைகளின் திருமணங்களை முன்னின்று நடத்தியது செய்திகளில் பரவலாக வந்தது.

தஞ்சைப் பிள்ளைகள் 1688இல் ஆச்சேவுக்குக் கப்பலேறியது அதே நாகப்பட்டினத்தில் இருந்துதான். பேரலை கிளம்பியதும் ஆச்சேக் கடலில்தான்.

இல்லத்துக்குள் இருப்போர்

2007இல் மாமல்லபுரத்துக் காப்பகங்களில் நடந்த கொடுமைகள் பற்றி வந்த செய்தி உச்ச நீதிமன்றத்தில் வழக்காயிற்று. 2017 மே 5இல் வந்த தீர்ப்பு, நாட்டின் எல்லாக் காப்பகங்களும் அவ்வாண்டு இறுதிக்குள் பதிவு செய்யப்பட வேண்டும் என்றது. பிள்ளையை இல்லத்தில் வைப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்றும் கூறியது. காரணம் எளியது. இந்தியக் காப்பகங்களில் உள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ இருக்கின்றனர். வறுமை, குடி, கடன், மறுமணம் ஆகியவையே அவர்களை அங்கே சேர்க்கின்றன. குடும்பத்துக்கு உதவினால் பிள்ளை வீட்டில் இருக்கும். இல்லத்துக்கு உதவினால் பிள்ளை இல்லத்தில் இருக்கும். நன்கொடையாளர்கள் இரண்டாவதையே விரும்புகின்றனர், ஏனெனில் கட்டடத்தில் பெயர்ப்பலகை வைக்கலாம்.

2020 ஜூனில் சென்னை இராயபுரம் அரசு சிறுவர் இல்லத்தில் 35 சிறுவர்களுக்குக் கொரோனா தொற்று உறுதியானது. உச்ச நீதிமன்றம் தமிழக அரசிடம் விளக்கம் கேட்டது. தொற்றுக் காலத்தில் நாடெங்கும் இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் மிகப் பலர் தம் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். அனுப்ப முடிந்தது என்பதே அவர்களுக்கு ஒரு வீடு எங்கோ இருந்ததைக் காட்டியது.

இராயபுரம் இல்லம் இருக்கும் அதே வட்டாரத்தில் மணியக்காரர் சத்திரமும் இன்றுவரை இயங்குகிறது. இப்போது அங்கே தங்கியிருப்பவர்கள் ஆதரவற்ற முதியோர்.